பர்மாக்காரன் கொட்டாய்: எங்க மாமாவுக்கு ஒரு கல் நடணும், என்ன எழுதலாம்?

#1 சந்தூர்_மாந்தோப்பு

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் அதிகம் எழுதறவன் இல்ல. மாங்கா விலை இழையில அப்பப்ப வந்து புலம்பிட்டுப் போவேன், அவ்வளவுதான். இப்ப ஒரு யோசனை கேக்க வந்திருக்கேன்.

எங்க தாய்மாமா போன மாசம் தவறிட்டார். வயசு 78. பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சிருச்சு. எங்க தோப்புலயே, அவர் கையால வச்ச முதல் பெங்களூரா மாமரத்துக்கு மேற்கால அடக்கம் பண்ணியிருக்கோம். அந்த இடத்துல ஒரு கல் நடணும். பர்கூர்ல கல்லு பட்டறையில சொல்லி வச்சாச்சு. எழுத்து வெட்டறவர் எழுத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுத்தான் காசு கேக்கறார். "முதல்ல என்ன எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, வந்து நின்னு யோசிக்காதீங்க"ன்னுட்டார்.

வீட்டுல நாங்க மூணு பேர், மூணு கட்சி. அண்ணன் "1971 போர் வீரர்"னு போடணும்கறார். அக்கா "தாய்மாமன்"னு ஒரே வார்த்தை போதும்கறாங்க. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் "பர்மாக்காரர்னு போடுப்பா, பேரைப் போட்டா யாருக்குத் தெரியும்?"ங்கறாங்க. அதுவும் நெசம்தான். அவர் பேரு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் எந்தக் கட்சின்னு எனக்கே தெரியல. அதான் இங்க வந்தேன்.

#2 தகடூரான்

ஆழ்ந்த இரங்கல்ங்க.

கல்லுன்னதும் எனக்கு நடுகல் ஞாபகம் வந்திருச்சு, மன்னிக்கணும், என் வியாதி அது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி, அந்தப்பக்கம் செங்கம் வரைக்கும் ஏரிக்கரையில, வயக்காட்டுல நிக்கற கல்லுல பாதி போர்ல செத்தவனுக்கு வச்சதுதான். தர்மபுரி மியூசியத்துல போய்ப் பாருங்க. எழுத்து ரொம்பக் கொஞ்சம். எந்த ராஜா ஆண்ட காலம், இவன் யாரோட சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான். அவ்வளவுதான். தொறுன்னா மாட்டு மந்தை. "வீரத்தின் விளைநிலமே, தியாகச் செம்மலே"ன்னு ஒரு வார்த்தை இருக்காது.

எடுத்தனூர்ல ஒரு கல்லுல நாய்க்குக் கூட பேர் இருக்கு: கோவிவன். எசமான் விழுந்த பிறகு கள்ளனைக் கடிச்சுக்கிட்டு நின்ன நாய். நாய் பேரை மறக்காம எழுதின ஊருங்க இது. உங்க மாமா பேரை எழுதுங்க முதல்ல.

#3 ராயக்கோட்டை_தக்காளி

ஒரு நிமிஷம். சந்தூர் ரூட்ல டவுன் பஸ்ல கண்டக்டர் "பர்மாக்காரன் கொட்டாய் எறங்கு"ன்னு கத்துவாரே, அந்த ஸ்டாப்பிங்கா? நான் அது ஏதோ பர்மா தேக்கு விக்கற மரக்கடைன்னு இத்தனை வருஷமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

#4 சந்தூர்_மாந்தோப்பு

@ராயக்கோட்டை_தக்காளி அதே ஸ்டாப்பிங்தான். மரக்கடை இல்ல, எங்க வீடு.

@தகடூரான் அண்ணா, நன்றி. ஆனா நடுகல் செத்தவனுக்கு. மாமா போர்ல சாகல. கட்டில்ல, ஃபேன் சத்தம் அதிகமா கேக்குதுன்னு திட்டிக்கிட்டே போனார்.

கதையை முதல்ல இருந்து சொல்லிடறேன், இல்லாட்டி புரியாது.

தாத்தா பர்கூர் பக்கத்து ஆள். பொழைக்கப் போனவர். ரங்கூன்ல எறங்கி, பெகுவுல அரிசி மில்லுல வேலை. இப்ப அந்த ஊரைப் பகோன்னு சொல்றாங்க. கல்யாணமும் அங்கேயே, அங்க இருந்த தமிழ்க் குடும்பத்துலதான். மாமா பொறந்தது 1946, அம்மா 1951, ரெண்டு பேரும் பெகுவுல. தாத்தா அங்கேயே தவறிட்டார். 1962ல நே வின் ஆட்சியைப் புடிச்சார். 1964ல கடை, மில்லு, கிட்டங்கி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. லட்சக்கணக்குல நம்ம ஜனம் கப்பலேறுச்சு. அந்தக் கூட்டத்துல அம்மாயியும் (அம்மாவோட அம்மா) 18 வயசு மாமாவும் 13 வயசு அம்மாவும்.

துறைமுகத்துல அம்மாயி காதுல இருந்ததைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்களாம். மூட்டையில ஒரு வட்டக் கல் இருந்தது, பர்மாக்காரங்க மூஞ்சில பூசற தனாக்கா கட்டை அரைக்கற கல். அதைப் பாத்துட்டு சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. கடல் தாண்டி, மெட்ராஸ் தாண்டி, ஜோலார்பேட்டையில ரயில் எறங்கி, பஸ்ஸேறி அந்தக் கல்லு இங்க வந்து சேந்துச்சு. திரும்பின பக்கமெல்லாம் பாறையா இருக்கற ஊருக்குக் கல்லைச் சுமந்துக்கிட்டு வந்தது எங்க குடும்பம் மட்டும்தான்னு மாமாவே சொல்லிச் சிரிப்பார்.

வந்தா, பங்காளிங்க "உங்கப்பன் பங்கு கடனுக்குப் போயிருச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. புறம்போக்கு ஓரத்துல ஒரு கொட்டாய் போட்டுக்கிட்டாங்க. வெளியூர்க்காரங்களுக்கு: இந்தப் பக்கம் கொட்டாய்னா சினிமாக் கொட்டாய் மட்டும் இல்ல. காட்டுல ஒரு குடும்பம் குடிசை போட்டா அது இன்னார் கொட்டாய். நாளாவட்டத்துல அதுவே ஊர்ப் பேரா நின்னுரும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில அப்படி எத்தனையோ கொட்டாய் இருக்கு. மத்தவங்க கொட்டாய்க்கெல்லாம் ஆள் பேர். எங்களுக்கு மட்டும் விட்டுட்டு வந்த தேசத்துப் பேர்.

#5 வியாசர்பாடி_அத்தோ

சென்னையில இருந்து எழுதறேன். என் தாத்தாவும் 64 கப்பல்தான். இந்த இழையைப் பாத்ததும் கை நடுங்குதுங்க.

64 மே மாசம் பர்மாவுல அம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க. எங்க தாத்தா தலையணைக்குள்ள வச்சிருந்தது முழுக்க நூறு ரூவா நோட்டு. இங்க 2016ல நோட்டு செல்லாதுன்னு சொன்ன அன்னிக்கு எல்லாரும் ஏடிஎம்முக்கு ஓடினாங்க, எங்க பாட்டி மட்டும் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "எனக்கு இது ரெண்டாவது தடவை"ன்னாங்க.

வந்தவங்க ஒரு ஊர்லயா தங்கினாங்க? எங்களுக்கு வியாசர்பாடி. அப்புறம் பர்மா பஜார். 1969ல எங்களுக்காகவே ரெப்கோ பேங்க் ஆரம்பிச்சாங்க. ஆனா கிருஷ்ணகிரி காட்டுல தனியா ஒரு குடும்பம்னு இப்பத்தான் கேள்விப்படறேன். பேச்சுத் துணைக்குக் கூட பர்மா பாஷை தெரிஞ்ச ஆள் இருந்திருக்க மாட்டாங்களே. உங்க மாமா அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், செய்வாரா?

#6 சந்தூர்_மாந்தோப்பு

செய்யாம இருப்பாரா! ஞாயித்துக்கிழமை மாமா சமையல். கிருஷ்ணகிரியில அப்ப நூடுல்ஸ் ஏது, சேமியாவுலயே செய்வார். கோஸைச் சன்னமா நறுக்கி, பொரிச்ச பூண்டு, வெங்காயம், பொடிச்ச பேஜோ (மொறுமொறு வடை மாதிரி), புளித்தண்ணி. புளி நம்ம ஊர்ப் புளி. "ரங்கூன்ல கூட இந்தப் புளிப்பு கெடைக்காது"ன்னு எங்களைச் சமாதானப்படுத்துவார், எங்களுக்கு அந்தச் சேமியாவைப் பாத்தாலே அழுகை வரும்.

அவருக்கு அழுகை வந்தது களியைப் பாத்து. பெகு முழுக்க நெல்லு வயல், மூணு வேளையும் சோறு தின்னு வளந்த ஆள். இங்க வந்த முதல் நாள் பங்காளி வீட்டுல கேவுருக் களியும் கீரைக் கடைசலும் போட்டிருக்காங்க. பையன் களியை மென்னிருக்கான். மென்னா பசை மாதிரி பல்லுல ஒட்டிக்கும், நமக்குத் தெரியும், உருட்டித் தொட்டு முழுங்கிடணும். வீடே கூடி நின்னு வேடிக்கை பாத்துச் சிரிச்சுதாம். "முழுங்கக் கத்துக்கிட்ட அன்னிக்குத்தான் இந்த ஊர்க்காரன் ஆனேன்"னு சொல்வார். அது களியைப் பத்தி மட்டும் சொன்னதான்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு.

#7 சாப்பர்_தம்பி

நான் எக்ஸ் சர்வீஸ்மேன், ஊர் பாலக்கோடு. உங்க மாமா எந்த யூனிட்? மெட்ராஸ் ரெஜிமென்டா, எம்.இ.ஜி.யா?

#8 சந்தூர்_மாந்தோப்பு

எம்.இ.ஜி. சார். 1966ல பெங்களூர்ல அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல சேந்தார். 1971 போர்ல 9 எஞ்சினியர் ரெஜிமென்ட், பாகிஸ்தான் எல்லையில ஷகர்கர் பக்கம். 86ல ஹவில்தாரா வெளிய வந்தார். பெட்டியில பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் எல்லாம் இருக்கு.

#9 சாப்பர்_தம்பி

அப்ப பசந்தர் ஆத்துச் சண்டை. சல்யூட்.

மத்தவங்களுக்காகச் சொல்றேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் வேற, அது காலாட்படை, சென்டர் வெலிங்டன்ல. எம்.இ.ஜி.ன்னா மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780ல ஆரம்பிச்சது. பாலம் கட்டறது, ரோடு போடறது, கண்ணிவெடி வைக்கறது, எடுக்கறது எங்க வேலை. பட்டாளம் முழுக்க எங்களைத் "தம்பி"ன்னுதான் கூப்பிடும், பஞ்சாபிக்காரனும் அதே வார்த்தைதான் சொல்வான்.

பசந்தர்னதும் எல்லாரும் அருண் கேத்தர்பாலைத்தான் சொல்வாங்க. சொல்லணும், 21 வயசுப் பையன், டிசம்பர் 16ந்தேதி எரியற டாங்கியை விட்டு எறங்க மாட்டேன்னு சண்டை போட்டு உயிரை விட்டான், பரம்வீர் சக்ரா. ஆனா அந்த டாங்கி எல்லாம் ஆத்தைத் தாண்டி அந்தப்பக்கம் போகணும்னா நடுவுல கண்ணிவெடி வயல். அதுல ராத்திரியில, குண்டு விழுந்துக்கிட்டு இருக்கறப்ப, வயித்துல ஊர்ந்து வழி பண்ணினது 9 எஞ்சினியர். வழி முழுசா முடியறதுக்கு முன்னாடியே டாங்கிகள் உள்ள பூந்துருச்சு, எதிரி டாங்கி வர்றது தெரிஞ்சதால. முழுக்க எடுக்காத வெடி வயல்ல டாங்கி ஓட்டினவனும் தைரியசாலி, அதுக்கு முன்னாடி வெறுங்கையோட அங்க படுத்துக் கெடந்தவனும் தைரியசாலி.

#10 சிங்கம்_கேஜிஐ

வீர வணக்கம்!! ஜெய்ஹிந்த்!! எத்தனை பேரைச் சுட்டார்னு ஏதாவது சொல்லியிருக்காரா அண்ணா?

#11 சாப்பர்_தம்பி

தம்பி, மேல நான் எழுதினதைத் திரும்பப் படி.

#12 சந்தூர்_மாந்தோப்பு

@சாப்பர்_தம்பி சார், நீங்க எழுதினது எங்க வீட்டுல யாருக்கும் இவ்வளவு தெளிவாத் தெரியாது. மாமா சண்டைக் கதை சொன்னதில்ல. ஆனா இப்ப நீங்க சொன்னதைப் படிச்சதும் சில விஷயம் பிடிபடுது.

ஒண்ணு. கடலைக்காய் புடுங்கின காட்டுல விட்டுப்போனதைப் பொறுக்கப் போவோம். நாங்க கொத்தை எடுத்து இஷ்டத்துக்குக் கொத்துவோம், பாதி ரெண்டாப் போகும். மாமா குப்புறப் படுத்துக்குவார். ஒரு பழைய குடைக் கம்பி. அதை நேராக் குத்தவே மாட்டார், சாய்வா, மெதுவா, ரெண்டு விரக்கடைக்கு ஒரு தடவை. தட்டுப்பட்டா கையால மண்ணைச் சுத்தி வழிச்சு எடுப்பார். ஒரு காய் உடையாது. நாங்க மணிக்கணக்குல அதை வேடிக்கை பாத்திருக்கோம். அப்புறம் நாங்களும் அப்படியே படுத்துப் பழகிட்டோம். சந்தூர் சுத்துவட்டாரத்துலயே கடலைக்காயைப் படுத்துப் பொறுக்கின பசங்க நாங்கதான்.

ரெண்டு. தெரியாத காட்டுல, ஏரி உள்வாயில நடந்தா எங்களை முன்னால விடமாட்டார். "என் தடத்துல கால் வை"ம்பார். பாம்புக்குன்னு நெனைச்சோம்.

அப்புறம் அந்த விரல். இடது கையில சுண்டு விரல்ல பாதி இல்ல. வெடியில போச்சுன்னு ஊரே சொல்லும், பள்ளிக்கூடத்துல நானும் அப்படித்தான் சொல்லிப் பெருமையடிச்சேன். அது பெங்களூர்ல மிலிட்டரி லாரியோட பின்கதவை மூடறப்ப நசுங்கினது. அவரே சொன்னது. "ஊர்ல சொல்லிராதடா, மரியாதை போயிரும்"னு சொன்னார். இப்ப சொல்லிட்டேன். மாமா மன்னிக்கணும்.

#13 சாப்பர்_தம்பி

குடைக் கம்பி!! நாங்க அதை ப்ராடிங்னு சொல்வோம். வெடி மேல அழுத்தினாத்தான் வெடிக்கும். நேராக் குத்தினா கம்பி மேல் தட்டுல எறங்கும். சாய்ச்சுக் குத்தினா பக்கவாட்டுல போய் முட்டும், ஒண்ணும் ஆகாது. முப்பது டிகிரி சாய்வு. பெங்களூர்ல ட்ரெய்னிங்ல அந்தச் சாய்வுக்காக வாங்கின அடி இன்னும் முதுகுல இருக்கு. வழி பண்ணின இடத்துல ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம், பின்னால வர்றவன் அதுக்குள்ளதான் வரணும். தடத்துல கால் வைன்னு சொன்னது பாம்புக்கு இல்ல.

#14 ஓசூர்_ரோஜா

எல்லாம் படிச்சேன். அருமையான மனுஷர். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அத்தைன்னு யாரையும் நீங்க சொல்லவே இல்லையே. மாமா கல்யாணம் பண்ணிக்கலையா? பண்ணிக்கலைன்னா ஏன்? "எங்களுக்காகவே வாழ்ந்தார்"னு ஆம்பளைங்க சுலபமா எழுதிடறீங்க. எங்க வீட்டுலயும் ஒரு பெரியம்மா அப்படித்தான் "எங்களுக்காகவே" வாழ்ந்தாங்க. அவங்களை யாரும் கேக்கல.

#15 ராயக்கோட்டை_தக்காளி

துக்க வீட்டுல இப்படிக் கேக்கணுமாக்கா?

#16 சந்தூர்_மாந்தோப்பு

கேக்கட்டும். நியாயமான கேள்விதான். ரெண்டு நாள் பதில் எழுதாம இருந்ததுக்குக் காரணமும் அதான்.

அக்கா பொறந்தது 1970. எங்க பக்கம் தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். 71ல குத்தறதா இருந்தது, லீவு கெடைக்கல. அப்புறம் யாருக்குமே லீவு கெடையாதுன்னு ஆயிருச்சு. டிசம்பர்ல சண்டை. அம்மாயி தபால்காரரைப் பாத்தாலே உள்ள போய்க் கதவைச் சாத்திக்கும், தந்தி வந்திருமோன்னு. சண்டை நின்னு கொஞ்ச நாள்ல மணியார்டர் வந்துச்சு. அடியில துண்டுல ரெண்டு வரி: "நலம். பாப்பாவுக்குக் காது குத்தக் காத்திருக்கவும்." அந்தத் துண்டு இன்னும் அம்மாகிட்ட இருக்கு. ரெண்டு வயசு தாண்டியும் எங்கக்கா மூளிக்காதோட சுத்தினாங்க. ஊர்ல ஒரு பேச்சு, "ஆள் வருவானோ மாட்டானோ, வேற யார் மடியிலயாவது வச்சுக் குத்திருங்க"ன்னு. அம்மா கேக்கல. 72 வெயில் காலத்துல மாமா வந்தார், குத்தினாங்க. அக்கா கத்தின கத்துல மாமாதான் அதிகமா அழுதாராம்.

கல்யாணப் பேச்சு அப்பத்தான் நடந்தது. ரெண்டு மூணு எடம். எல்லா எடத்துலயும் ஒரே கேள்வி: பர்மாவுல பொறந்தவன், அங்க எவளோட இருந்தானோ, என்ன கலப்போ. இத்தனைக்கும் கேட்டவங்கள்ல பாதிப் பேர் அப்புறம் கேன்டீன் ரம்முக்கு எங்க வாசல்ல நின்னவங்க. ஒரு எடம் மட்டும் சரின்னாங்க. அது ஏன் நின்னுச்சுன்னு அம்மாவுக்கே தெரியாது.

எங்கப்பா லாரி டிரைவர். 1987ல தொப்பூர் கணவாய் எறக்கத்துல போயிட்டார். எனக்கு 11 வயசு. மாமா பட்டாளத்தை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்த பணத்துல ரெண்டு ஏக்கர் வாங்கி மாங்கன்னு வச்சிருந்தார். அதுக்கப்புறம் மூணு பேரோட படிப்பு, அக்கா கல்யாணம், அண்ணனுக்கு லாரி வேணாம்னு சண்டை போட்டு ஐடிஐ சேத்தது எல்லாம் அவர்தான்.

நீங்க கேட்டதுக்கு பதில் இது. அம்மா அவரைக் கல்யாணம் பண்ணிக்கன்னு அதுக்கப்புறம் கேக்கல. கேட்டா போயிருவாரோன்னு பயம், இதை அம்மாவே போன வாரம் சொன்னாங்க. நாங்க கேக்கற வயசு இல்ல. கேக்கற வயசு வந்தப்ப கேக்கத் தோணல. அவர் எங்களுக்காக வாழ்ந்தார்ங்கறதை விட, நாங்க அவரை விடலைங்கறதுதான் சரியா இருக்கும்.

#17 ஓசூர்_ரோஜா

நேர்மையா எழுதினதுக்கு நன்றிங்க. உங்க அம்மாவைக் குத்தம் சொல்லல.

#18 பென்னாகரம்_பஸ்

தொப்பூர் எறக்கம் எத்தனை குடும்பத்தைத் தின்னிருக்கு. எங்க சித்தப்பாவும் அங்கதான். நியூட்ரல்ல விடாதேன்னு போர்டு வச்சும் கேக்கறதில்ல.

சரி, வேற ஒரு விஷயம். மாமா பென்சன் உங்களுக்கு வருமா? நீங்க வளத்த புள்ளைங்கதானே.

#19 சாப்பர்_தம்பி

வராது. குடும்ப பென்சன் மனைவி, புள்ளைங்க, அவங்க இல்லாட்டி அவரை நம்பி இருந்த பெத்தவங்க, இந்த மாதிரிதான். தங்கச்சி மகனுக்கெல்லாம் கெடையாது. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல தகவல் சொல்லிருங்க. இறந்த தேதிக்குப் பிறகு கணக்குல பணம் ஏறியிருந்தா எடுக்காதீங்க, திருப்பிக் கட்டச் சொல்வாங்க.

#20 சந்தூர்_மாந்தோப்பு

சார் சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். பென்சன் வேணாம்ங்க, பேப்பர் வேலை முடிஞ்சா போதும்.

மாமா பேப்பரைப் பாத்தா சிரிப்பு வரும். வந்து எறங்கினப்ப குடுத்த காயிதத்துல சேலம் ஜில்லா. 1965 அக்டோபர் 2ந்தேதி தர்மபுரி தனி ஜில்லா ஆச்சு, அதனால 66ல பட்டாளத்துல சேந்தப்ப தர்மபுரி. 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி பிரிஞ்சுது, ஆதார்ல கிருஷ்ணகிரி. மனுஷன் அதே கொட்டாய்லதான் இருக்கார், ஜில்லாதான் மாறிக்கிட்டே இருக்கு. பேரும் மூணு காயிதத்துல மூணு ஸ்பெல்லிங். ஒரு ஆபீஸ்ல (எதுன்னு வேணாம்) "பொறந்த இடம் பெகுன்னு இருக்கே, அங்க போய் பொறப்புச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க பெரியவரே"ன்னு சொல்லியிருக்காங்க. 70 வயசு ஆளை. மாமா கோபப்படல. "அவங்க வாங்கிக் குடுத்தா நானும் ஒரு தடவை பாத்துட்டு வருவேன்"னார்.

#21 எல்லைக்கோடு

இழைக்கு லேட்டா வர்றேன். எங்க குடும்பம் மணிப்பூர்ல மோரே. இப்ப நான் ஓசூர் சிப்காட்ல வேலை. மோரே தெரியாதவங்களுக்கு: 64ல இந்தியா வந்து, இங்க ஒட்டாம, பர்மாவுக்கே திரும்பிப் போயிரலாம்னு கெளம்பின தமிழங்க கொஞ்சப் பேர் எல்லையில தடுத்து நிறுத்தப்பட்டு அங்கேயே தங்கிட்டாங்க. அங்காளபரமேஸ்வரி கோயில் கட்டினாங்க. பர்மா எல்லைக் கம்பத்தைப் பாத்துக்கிட்டே இட்லி விக்கிற ஊரு அது. மிலிட்டரியில இருந்து தமிழ் ஆளுங்க வந்து எங்க பாட்டி கடையில சாப்பிடுவாங்க. உங்க மாமா அந்தப் பக்கம் போஸ்டிங் வந்தாரா?

#22 சந்தூர்_மாந்தோப்பு

வந்தாருங்க! 70கள் கடைசியில. ரோடு வேலைக்கு. அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே பட்டாளத்துக் கதை மோரேதான், அதுல சண்டையே கெடையாது.

ஒரு கடையில போய் உக்காந்திருக்கார். பரிமாறின அம்மா தமிழ்ல "என்ன வேணும்?"னு கேட்டுட்டு, திரும்பி உள்ள இருந்த ஆள்கிட்ட பர்மா பாஷையில "பட்டாளத்துக்காரன், கூட வை"ன்னு சொல்லியிருக்காங்க. மாமா பர்மா பாஷையிலேயே "வேணாம்மா, போதும்"னு சொல்லியிருக்கார். கரண்டி கீழ விழுந்துருச்சாம் அந்தம்மாவுக்கு. அப்புறம் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மில்லுன்னு ரெண்டு மணி நேரம். காசு வாங்கல.

சாயந்தரம் எல்லை வரைக்கும் நடந்திருக்கார். அந்தப்பக்கம் தமு. ஊர் ஜனம் கூடையைத் தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் போய் வந்துக்கிட்டு இருக்கு. இவர் யூனிபார்ம்ல நிக்கறார், ஒரு அடி வைக்க முடியாது. "செருப்பைக் கழட்டி ஒரு கல்லு எடுத்து அந்தப்பக்கம் போட்டேன். கல்லு போச்சு"ன்னார். செருப்பை ஏன் கழட்டினார்னு நான் கேக்கல. பூட்ஸ்தானே போட்டிருந்திருப்பார்னு இப்ப எழுதறப்பத்தான் தோணுது.

அந்த இட்லிக்கடை உங்க பாட்டி கடையா இருக்கட்டும்னு ஆசையா இருக்கு. கேட்டுச் சொல்ல வழி இருக்கா?

#23 எல்லைக்கோடு

பாட்டி இல்லைங்க இப்ப. அம்மாகிட்ட கேக்கறேன். பர்மா பாஷை பேசின பட்டாளத்துக்காரர்னா நிச்சயம் வீட்டுல பேச்சு இருந்திருக்கும்.

#24 தகடூரான்

கல்லு விஷயத்துக்கு வருவோம். எனக்கு அந்த மணியார்டர் வரி விட்டுப் போகவே இல்ல. "நலம். காத்திருக்கவும்." அதையே வெட்டலாமே? எழுத்தும் கம்மி.

அப்படி இல்லாட்டி அந்த பர்மாக் கல்லையே கொண்டுபோய்த் தலைமாட்டுல வைக்கலாம்.

#25 சிங்கம்_கேஜிஐ

ஊராட்சியில சொல்லி ஸ்டாப்பிங் பேரை மாத்துங்கண்ணா. "பர்மாக்காரன்"னு மரியாதை இல்லாம இருக்கு. மாமா பேர்ல நகர்னு போர்டு வச்சா கெத்தா இருக்கும்.

#26 வியாசர்பாடி_அத்தோ

மாத்தாதீங்க தம்பி. நாங்க பர்மா காலனின்னு எழுதின போர்டைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சோம்.

#27 பென்னாகரம்_பஸ்

மாத்தினாலும் கண்டக்டர் மாத்த மாட்டார். நான் கண்டக்டர், எனக்குத் தெரியும். டிக்கெட் மிஷின்ல ஒரு பேர் இருக்கும், வாயில ஒரு பேர் இருக்கும்.

#28 சந்தூர்_மாந்தோப்பு

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் முன்னாடி இந்த இழை முழுக்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். செல்போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு வரி விடாம கேட்டாங்க. விரல் விஷயத்தை நான் ஊருக்குச் சொன்னதுக்குத் திட்டு விழுந்தது.

பர்மாக் கல்லு கெடையாதுன்னுட்டாங்க. "அது அரைக்கற கல்லு. நான் இருக்கற வரைக்கும் அதுல மஞ்சள் அரைக்கணும்." மணியார்டர் வரியும் வேணாமாம். "கல்லுல காத்திருக்கவும்னு எழுதினா யாரு யாருக்குக் காத்திருக்கறது? எனக்கு 73 ஆகுது, பயமா இருக்காதா?"ன்னாங்க. அக்கா சிரிச்சுட்டு அழுதாங்க.

அப்புறம் அம்மா கேட்டது: "அவன் நம்பர் என்ன?" பட்டாளத்து நம்பர். எங்க மூணு பேருக்கும் மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மாமா சொல்வார், கடைசியா ஆஸ்பத்திரியில நர்ஸ் பேர் கேட்டப்பக் கூட பேருக்கு முன்னாடி அதைத்தான் சொன்னார். "பேரை மூணு விதமா எழுதியிருக்காங்க, ஜில்லாவை ரெண்டு தடவை மாத்திட்டாங்க, தேசமே மாறிப் போச்சு. அந்த நம்பரை மட்டும்தான் யாரும் தப்பா எழுதல. அதைப் போடு"ன்னாங்க.

அதனால முதல் வரி நம்பர். ரெண்டாவது வரி பேர், அம்மா கூப்பிடற மாதிரி, எந்த காயிதத்துலயும் இல்லாத ஸ்பெல்லிங்ல. மூணாவது வரி தாய்மாமன். அண்ணன் 1971 வேணும்னு இன்னும் மொனகறார். நம்பரைப் பாத்தா தெரிஞ்சவனுக்குத் தெரியும்னு சாப்பர் சார் அவருக்குப் போன்ல சொன்ன பிறகு அடங்கியிருக்கார். சார், அதுக்கும் நன்றி.

ஸ்டாப்பிங் பேர் அப்படியே இருக்கும்.

நாளைக்குக் காலையில பர்கூர் போறேன். வெட்டறவர் எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒரே ரேட்டான்னு கேக்கணும். மழை பேஞ்சுக்கிட்டு இருக்கு, கல்லை ஏத்தின வண்டி தோப்புக்குள்ள வரைக்கும் வராது, ரோட்டுல இருந்து நாலு பேர் தூக்கணும். ஞாயித்துக்கிழமை சந்தூர்ப் பக்கம் யாராவது சும்மா இருந்தா வாங்க. பர்மாக்காரன் கொட்டாய்னு கேட்டு எறங்குங்க. அத்தோ உண்டு, இந்தத் தடவை நெசமான நூடுல்ஸ்ல.

#29 ராயக்கோட்டை_தக்காளி

நான் வர்றேன். கோஸும் வெங்காயமும் என் செலவு.

#30 சாப்பர்_தம்பி

தூக்க நாங்க மூணு தம்பிங்க பாலக்கோட்டுல இருந்து வர்றோம். கயிறு எடுத்துட்டு வர்றேன்.